ஓய்வு வயது உயர்வு (தமிழ்நாடு)

தமிழ்நாட்டில் அரசு ஊழியர், ஆசிரியர்களின் ஓய்வு வயது 2020–21இல் 58இலிருந்து 60 ஆனது. பணியிலிருந்த மூத்தவர்களுக்கும் வேலை தேடிய இளைஞர்களுக்கும் இடையே அது பெரும் மனத்தாங்கலை உண்டாக்கியது.

2020 மே 7 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு வயதை 59 ஆக்கியது. கரோனா ஊரடங்கில் வரி வருவாய் வற்றியிருந்த நேரம். ஓய்வு பெறுவோருக்குப் பணிக்கொடை, ஈட்டிய விடுப்புச் சம்பளம் என உடனே தரவேண்டிய பெருந்தொகை இதனால் தள்ளிப்போனது. 2021 பிப்ரவரி 25 அன்று, சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய வேளையில், பேரவையின் 110ஆவது விதியின் கீழ் 60 என அறிவிப்பு வந்தது. 2020 மே மாதம் 58 நிறைந்தவர் 2022 மே மாதம்தான் ஓய்வு பெற்றார். அதுவரை 58 வயது வரம்புப் பணிகளில் வயது முதிர்வால் காலியிடம் உருவாகவே வழியில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகங்களில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்து காத்திருந்த மாநிலம் இது. 2021 செப்டம்பரில் திமுக அரசு நேரடி நியமன வயது வரம்பை 2 ஆண்டு உயர்த்தியதால் ‘ஏஜ் பார்’ அச்சம் தணிந்தது, வேலை கூடவில்லை.

மூத்தவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பதிவு மூப்பில் நாற்பதைத் தாண்டி ஆசிரியரானவருக்கு ஈராண்டுப் பணி பெரிய விஷயம். ஆனால் நீட்டிப்பால் உடனே பயனடைந்தவர்களில் பெரும்பாலோர் 2003 ஏப்ரல் 1க்கு முன் சேர்ந்து, பழைய ஓய்வூதியத்துக்கு உரிமை பெற்றவர்கள். அதன்பின் வந்தவர்களுக்கோ அப்போது இருந்தது சம்பளத்தில் 10 சதவீதம் பிடிக்கும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். பிந்திய தலைமுறை இரண்டு முறை இழந்தது என்பதே இந்தப் பூசலின் வேர்.

ஆவடியிலும் இந்த ஓய்வூதியப் பிளவைக் காணலாம். மத்திய அரசின் கனரக வாகனத் தொழிற்சாலையில் 2004 ஜனவரி 1க்கு முன் சேர்ந்தவருக்கு ஒரு ஓய்வூதியம், பின் சேர்ந்தவருக்கு வேறு, வேலை ஒன்றுதான்.

கேரளத்தில் 2022 அக்டோபர் இறுதியில் பொதுத்துறை நிறுவனங்களின் ஓய்வு வயதை 60 ஆக்கிய ஆணையை, ஆளுங்கட்சியின் இளைஞர் அமைப்பே எதிர்த்தது. சில நாட்களில் அரசு அதை நிறுத்திவைத்தது. தமிழ்நாட்டில் ஆணை நிலைத்துவிட்டது. ஓய்வு வயதை உயர்த்தும் அரசு, தள்ளிப்போகும் காலியிடங்களை எந்த ஆண்டில் நிரப்பும் என்பதையும் அதே ஆணையில் எழுதித் தர வேண்டும்.