ஐடில் வேகமும் ஏசி சுமையும் (பெரிய வாகனங்கள்)

ஐடில் வேகம் என்பது வண்டி நிற்கையில், ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே எஞ்சின் ஓடும் சுழற்சி வேகம். பேருந்து, லாரி டீசல் எஞ்சின்களில் இது பெரும்பாலும் நிமிடத்துக்கு 600 முதல் 700 சுற்றுகள். ஏசி கம்ப்ரசரை எஞ்சினே பெல்ட் வழியாகச் சுழற்றும் அமைப்பில், எஞ்சின் வேகம் குறைந்தால் குளிர்வாயு ஓட்டமும் குறையும்; நின்ற பேருந்தில் குளிர்ச்சி மங்குவதற்கு முதன்மைக் காரணம் இதுவே. கூரைமேல் சுழலும் மின்விசிறிகளுக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் உற்பத்தித் திறனும் அதே வேளையில் சரிகிறது.

கம்ப்ரசரின் மின்காந்த கிளட்ச் பிடித்ததும் எஞ்சின் ஒரு கணம் தொய்ந்து, உடற்கூடு அதிரும். பழைய வண்டிகளில் வெற்றிட விசையால் இயங்கும் சிறு கருவி வேகத்தை உயர்த்தி இதை ஈடுகட்டியது. இன்று மின்னணுக் கட்டுப்பாட்டகம் கூடுதல் டீசலைச் செலுத்துகிறது. பல பேருந்துகளில் ஓட்டுநர் சுவிட்சைப் போட்டு வேகத்தைச் சுமார் 1000 சுற்றுக்கு ஏற்றவும் வழியுண்டு. ஜப்பானியச் சுற்றுலாப் பேருந்துகள் சிலவற்றில் ஏசிக்கெனத் தனி எஞ்சினே இருந்தது.

நீண்ட ஐடிலிங் எரிபொருளை வீணாக்கிப் புகையைப் பெருக்கும். கலிபோர்னியா மாநிலம் கனரக டீசல் வாகனங்களுக்கு 5 நிமிட வரம்பு விதித்து, 2008 முதல் படுக்கை வசதியுள்ள லாரிகளையும் அதில் சேர்த்தது. வெயிலில் வண்டிக்குள் உறங்கும் ஓட்டுநருக்குக் குளிர்ச்சி அவசியத் தேவை என்பதால், துணை மின்னாக்கியும் பேட்டரி ஏசியும் அங்கே பரவின.