அரசும் ஆலயமும்

கோயில் என்பது கோவின் இல். அரசன் உறையும் அரண்மனைக்கும் இறைவன் உறையும் ஆலயத்துக்கும் பழந்தமிழ் ஒரே பெயரை வழங்கிற்று. சிலப்பதிகாரத்தில் கோயில் என்னும் சொல் பல இடங்களில் அரண்மனையையே குறிக்கக் காணலாம். இறை என்னும் சொல்லோ இன்னும் விரிந்தது. கடவுள், மன்னன், மன்னனுக்குச் செலுத்தும் வரி ஆகிய மூன்றும் அதனுள் அடங்கும். நாமக்கல் மலையைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் கண்ட அதியர் குலத்தான் அதற்கு 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்று தன் குலப்பெயரையே இட்டான். இத்தகைய மண்ணில் 'அரசு வேறு, சமயம் வேறு' என்னும் கொள்கை எவ்வழியே வந்தது?

அமெரிக்க நாட்டார் 1791-இல் தம் அரசமைப்பின் முதல் திருத்தத்தால், அரசு எச்சமயத்தையும் நிறுவலாகாது என விதித்தனர். ஜெபர்சன் 1802-இல் எழுதிய மடலொன்றில் அதனைத் திருச்சபைக்கும் அரசுக்கும் இடையே எழுந்த மதில் என்றார். பிரான்சு 1905-இல் இரண்டையும் சட்டத்தாற் பிரித்தது. இவை பலரும் அறிந்தவை. பிரான்சுக்கு 42 ஆண்டுகள் முன்னரே அரசின் கையைக் கோயிலிலிருந்து விலக்கிய சட்டமொன்று நம் நாட்டில் நடப்பில் இருந்தமையை அறிந்தோர் சிலரே.

1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம் நாடு கும்பினியார் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் இங்கு நிலவரி வகுத்தனர். நிலத்தை அளப்பவர் கோயில் மானியத்தைத் தொடாதிருத்தல் இயலாது. 1817-ஆம் ஆண்டின் 7-ஆம் ஒழுங்குச் சட்டம் அறக்கொடைகளின் மேற்பார்வையை ரெவின்யூ போர்டிடம் ஒப்படைத்தது. கலெக்டர் கோயிற் கணக்கைப் பார்த்தார். தேர் இழுக்க ஆள் திரட்டுவதும் சர்க்கார் வேலையாயிற்று. திருவிழாக்களில் கும்பினிப் படையினர் அணிவகுத்து மரியாதை செய்தனர்.

இதனை எதிர்த்தோர் பகுத்தறிவாளர் அல்லர், கிறித்தவப் பாதிரிமார். கிறித்தவ அரசு உருவ வழிபாட்டுக்கு ஊழியம் செய்வதோ என்பதே அவர்தம் கவலை. 1833-இல் இலண்டனிலிருந்த கும்பினி இயக்குநர்கள் விலகுமாறு ஆணை விடுத்தும் சென்னையில் அது மெத்தனமாகவே நடந்தது. 1836-இல் குருமாரும் அதிகாரிகளும் ஒப்பமிட்ட விண்ணப்பம் ஆளுநரிடம் சென்றது. சென்னைப் படைத்தலைவர் சர் பெரிக்ரின் மெயிட்லண்டு இக்காரணம் பற்றியே 1838-இல் பதவி துறந்தார். முடிவில் 1863-ஆம் ஆண்டின் 20-ஆம் சட்டம் பிறந்தது. அரசு அதிகாரி எவரும் கோயிலையோ மசூதியையோ அவற்றின் சொத்தையோ மேற்பார்க்கலாகாது, தர்மகர்த்தாவை நியமிக்கலாகாது என அது அறுதியிட்டது. நிருவாகம் உள்ளூர்க் கமிட்டிகளிடம் சென்றது. உறுப்பினர் பதவி ஆயுட்காலத்துக்கு உரியது.

மதில் எழுந்துவிட்டது. கவிஞர் பெருமக்களுக்கு மதில் என்னும் உருவகம் உவப்பானதே. எனினும் மதிலுக்கு உட்புறம் நின்றவர் யார், வெளிப்புறம் நின்றவர் யார் என்று வரலாறு கேட்டாக வேண்டும். கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுள் 1897-இல் நாடார் குலத்தார் நுழைந்தனர். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் அவர்களுக்கு எதிராகத் தீர்ந்தது. வழக்கம் எதுவோ அதுவே சட்டம் என்றாயிற்று. அரசு விலகி நின்றதாகச் சொன்னது. அரசின் நீதிமன்றமோ கதவைத் தாழிட்டது. இதனை நடுநிலை என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

இவ்விடத்தில் நம் வட்டாரம் வரலாற்றினுள் நுழைகின்றது. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராயிருந்தார். அறக்கொடைகளை மேற்பார்க்க வாரியம் அமைக்கும் சட்டத்தைப் பனகல் அரசர் முன்னரே கொணர்ந்திருந்தார். அச்சட்டம் 1927-இல் திருத்தமுற நிலைபெற்றது. 1932 செப்டம்பரில் காந்தியடிகளின் எரவாடா உண்ணாநோன்பும் குருவாயூர்ப் போராட்டமும் நாட்டை உலுக்கியபின், சுப்பராயன் சென்னைச் சட்டமன்றத்தில் ஆலயப் பிரவேச மசோதா ஒன்றைக் கொணர முனைந்தார். ஒரு கோயிலில் வழிபடுவோருட் பெரும்பான்மையோர் இசைந்தால் அக்கோயிலை அரிசனங்களுக்குத் திறக்கலாம் என்பது அதன் சாரம். தர்மகர்த்தாவே திறக்க விரும்பினும் வழக்கம் என்னும் தளை தடுத்தமையின் இச்சட்டம் வேண்டியதாயிற்று.

வைசிராய் வெலிங்டன் 1933 ஜனவரியில் அதற்கு அனுமதி மறுத்தார். இஃது அனைத்திந்தியப் பொருள், மாகாணத்துக்கு உரியதன்று என்பது காரணம். மத்திய சட்டசபையில் ரங்க ஐயரின் மசோதாவுக்கு மட்டும் இசைவு கிடைத்தது. அதற்கு ஆதரவு திரட்ட இராஜாஜி தில்லியில் உறுப்பினர்தோறும் நடந்தார். சேலத்தில் வழக்கறிஞராய்ப் பேர் பெற்று, 1925-இல் திருச்செங்கோட்டருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்டவர் அவர். அம்மசோதாவும் 1934-இல் மீட்டுக்கொள்ளப்பட்டது.

சுப்பராயன் மசோதாவின் உள்ளே ஒரு முள் உண்டு. கதவைத் திறப்பதா என்று வாக்களிப்போர் ஏற்கெனவே உள்ளே இருப்போர். வெளியே நிற்பவனுக்கு வாக்கில்லை. ஒருவனது வழிபாட்டுரிமை பிறர் பெரும்பான்மையைப் பொறுத்ததாயின் அஃது உரிமையாகுமா? 1938-இன் மலபார் ஆலயப் பிரவேசச் சட்டமும் இவ்வாக்கெடுப்பு முறையையே பின்பற்றியது. 1939 ஜூலை 8-இல் வைத்தியநாத ஐயர் அரிசன அன்பர்களுடன் மதுரை மீனாட்சி கோயிலுள் புகுந்தபின், அவர்களைக் காக்க இராஜாஜி அரசு சட்டம் இயற்றிற்று. 1947-இல் மாகாணம் முழுமைக்கும் சட்டம் வந்தது. 1950-இன் அரசமைப்பு வாக்கெடுப்பை அறவே நீக்கி, 25-ஆம் கூறிலேயே இந்து ஆலயங்களை எல்லா வகுப்பினருக்கும் திறந்துவிடும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது.

திறக்க வந்த கை பின்னர் விலகவில்லை. 1951-இன் சட்டத்தை எதிர்த்துச் சிரூர் மடத்தார் தொடுத்த வழக்கில் 1954-இல் உச்சநீதிமன்றம் கோடொன்று கிழித்தது: சடங்கும் வழிபாடும் சமயத்தின் பாற்பட்டவை, சொத்து நிருவாகம் அரசின் ஒழுங்குக்கு உட்பட்டது. அதன்பின் வந்ததே 1959-இன் இந்து சமய அறநிலையச் சட்டம். கணக்கைத் தணிக்கை செய்தலும் கோயில் நிலத்தை மீட்டலும் அரசின் கடமை என்றே கருதுகிறேன். ஆயுட்காலக் கமிட்டிகளின் காலத்தை எண்ணிப் பார்ப்போர் மறுக்கமாட்டார். கோடு மங்குவது கருவறை வாயிலிலேதான்.

1970-இல் கலைஞர் அரசு அர்ச்சகரின் பரம்பரை உரிமையை நீக்கிற்று. 1972-இல் சேஷம்மாள் வழக்கில் உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. நியமனம் உலகியற் செயல், ஆயினும் ஆகமத்துக்கு மாறாக அமைதல் கூடாது என்றும் சேர்த்துரைத்தது. 2006-இன் ஆணையும் 2015-இன் தீர்ப்பும் இதே இடத்தைச் சுற்றி வந்தன. 2021 ஆகஸ்டில் பல சாதியைச் சேர்ந்த பயிற்சி பெற்ற அர்ச்சகர்கள் நியமன ஆணை பெற்றனர். மறு ஆண்டே சென்னை உயர்நீதிமன்றம், பணிவிதிகள் செல்லும், ஆகமக் கோயில்களுக்கு அவை பொருந்தா என்று தீர்ப்பளித்தது. எவை ஆகமக் கோயில்கள் என்று கண்டறிய ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைக்கவும் அத்தீர்ப்பே பணித்தது.