வார்ப்புருவும் வரலாறுதான்

தமிழ் வலைப்பதிவுகளின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் யார் முதலில் எழுதினார், என்ன எழுதினார் என்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். பக்கத்தின் நிறம், பின்னால் போட்ட படம் இதெல்லாம் வெறும் அலங்காரமாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த அலங்காரத்துக்கும் நம் எழுத்து திரையில் தெரிய நாம் பட்ட பாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு.

ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். 1995 அக்டோபரில் அங்கே தொடங்கப்பட்ட ஒரு கவிதைத் தளத்தில் தமிழும் இடம்பெற்றது. அதைச் சாத்தியமாக்கியவர் நா. கோவிந்தசாமி. அன்றைக்கு நிறத்தைப் பற்றி யார் யோசித்தார்கள்? எழுத்து வருமா வராதா என்பதுதான் கேள்வி. பிறகும் பல வருடங்களுக்குத் தளத்துக்கு ஓர் எழுத்துரு, ஒரு குறியீடு என்றுதான் போனது.

2003-இல் பிளாக்கரை கூகுள் வாங்கியது. தமிழ் வலைப்பதிவுகள் முளைத்ததும் அந்தக் காலத்தில்தான். யுனிகோடு வந்திருந்தது. ஆனால் நம் பக்கத்து சைபர் கஃபே கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 98 ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணே, ஒங்க எழுத்து கட்டம் கட்டமாத்தான் தெரியுது" என்பது அன்று சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு.

இதற்கு ஒரு வழி செய்தவர் அதிராம்பட்டினத்து உமர் தம்பி. அவருடைய 'தேனீ' இயங்கு எழுத்துருவை வாசகர் தன் கணினியில் நிறுவ வேண்டியதில்லை. பதிவர் தன் வார்ப்புருவில் சில வரிகளைச் சேர்த்தால் போதும், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் எழுத்துருவைத் தானே இறக்கிக் காட்டிவிடும். அதை அவர் இலவசமாகவே கொடுத்தார். 2004-இல் தமிழ்மணம் வந்தபோது அதன் பட்டைக்கான நிரல்துண்டையும் அதே வார்ப்புருவில்தான் ஒட்ட வேண்டியிருந்தது.

இப்படி, நிரல் என்றால் என்னவென்றே தெரியாத ஆசிரியரும் குமாஸ்தாவும் வார்ப்புருவைத் திறந்தார்கள். எழுத்துரு வரிக்குப் பக்கத்திலேயே நிறத்தின் ஆறு இலக்கக் குறி இருந்தது. முதல் இரண்டு சிவப்புக்கு, அடுத்த இரண்டு பச்சைக்கு, கடைசி இரண்டு நீலத்துக்கு. மாற்றிப் பார்க்கக் கை சும்மா இருக்குமா?

படம் போடுவதில் வேறு சிக்கல். ஆங்கில எழுத்து ஓரளவு தாங்கும். தமிழில் புள்ளி மறைந்தால் எழுத்தே மாறிவிடும். ரப்பர் மரங்களுக்கு மேல் சின்ன எழுத்தில் 'பட்டம்' என்று எழுதினால் 'படடம' என்று தெரியும். ஆகவே படத்தின் மேல் ஒரு வெள்ளைக் கட்டம், அதற்குள் எழுத்து என்று ஓர் ஏற்பாடு. யாரும் சொல்லிக்கொடுக்காமல் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

இந்த நிறங்கள் எதையும் சொல்லவில்லை என்றும் சொல்ல முடியாது. 2007 நவம்பர் 25 இண்ட்ராஃப் பேரணிக்குப் பிறகு ஆரஞ்சு இந்த நாட்டில் வெறும் நிறமாக இருக்கவில்லை. அரசியலைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத ஒருவர் தன் தலைப்புப் பட்டையை மட்டும் ஆரஞ்சாக்கினால் அதுவும் ஒரு கூற்றுதான். பதிவுகளை மட்டும் தொகுத்துப் புத்தகம் போட்டால் அந்தக் கூற்று புத்தகத்தில் இருக்காது.

இதைத் தேடிப் போகிறவனுக்கு இங்கேதான் கஷ்டம். பிளாக்கர் ஒவ்வோர் இடுகைக்கும் தேதி வைத்திருக்கிறது, வார்ப்புருவுக்கு வைக்கவில்லை. இன்றைய வார்ப்புரு எதுவோ அதுவே பழைய இடுகைகளுக்கும் சட்டையாகிவிடும். 2010-இல் வார்ப்புரு வடிவமைப்பி வந்தது. நிரலைத் தொடாமல் ஆயத்தப் படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வசதிதான். ஆனால் அப்படி மாற்றியவரின் 2007 இடுகையை இன்று திறந்தால் அது பிந்தைய சட்டையோடுதான் நிற்கும். 2007-இல் இப்படித்தான் இருந்தது என்று நம்பினால் தவறு.

படங்களின் கதி இன்னும் மோசம். பலர் ஃபோட்டோபக்கெட்டில் ஏற்றி இணைப்பை மட்டும் கொடுத்திருந்தார்கள். 2017-இல் அந்நிறுவனம் பிற தளங்களில் படத்தைக் காட்ட ஆண்டுக்கு ஏறக்குறைய 400 அமெரிக்க டாலர் கேட்டது. பத்து வருடம் முன்பு விட்டுப்போன பதிவுக்கு யார் கட்டுவார்? இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் பழைய பக்கம் சிக்கினாலும் பல நேரம் சொற்கள் இருக்கும், படம் இருந்த இடம் காலியாக இருக்கும்.

பழைய பதிவு வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இடுகைகளைப் பிரதி எடுக்கும்போது வார்ப்புருவையும் தனியாக இறக்கி வையுங்கள். அதற்குள் படங்கள் வராது. பழைய கணினியிலோ தம்ப் டிரைவிலோ அவை கிடந்தால் அவற்றையும் சேர்த்து, போட்ட வருடத்தை எழுதி வையுங்கள். அந்த வருடம் உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.