நுண்ணலைக் கேட்புணர்வு

நுண்ணலைக் கேட்புணர்வு என்பது, மிகக் குறுகிய துடிப்புகளாக வரும் வலிமையான நுண்ணலைகள் தலையில் படும்போது 'டிக் டிக்' என்றோ ரீங்காரமாகவோ ஒலி கேட்பதாகும். அப்போது வெளியே காற்றில் ஒலி ஏதும் இருப்பதில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராடார் அருகே பணியாற்றிய சிலர் இவ்வாறு ஒலி கேட்பதாகக் கூறினர். அது வெறும் பிரமை என்றே பலரும் கருதினர். பின்னாளில் ராடார்ப் பணியாளர் ஒருவர் அமெரிக்க ஆய்வாளர் ஆலன் ஃபிரேயிடம் இதைத் தெரிவித்தார். ஃபிரே அவ்விடத்திற்கே சென்று நின்று பார்த்தார்; அவருக்கும் ஒலி கேட்டது. தொடர்ந்து செய்த ஆய்வின் முடிவுகளை அவர் 1962-இல் வெளியிட்டார்.

நுண்ணலை மூளையை நேரடியாகத் தூண்டுகிறதா, காதின் வழியாகச் செயல்படுகிறதா என்ற கேள்வி அடுத்து எழுந்தது. விலங்குச் சோதனைகள் அதற்கு விடை தந்தன. 1974-இல் வெளியான ஆய்வில், பூனைகளின் உட்காதிலுள்ள காக்லியாவைச் சிதைத்ததும், நுண்ணலைத் துடிப்புக்கு நரம்பில் தோன்றிய மின்குறிகள் மறைந்தன. ஆகவே, ஒலியை உணர்வது காதே என்பது உறுதியாயிற்று. கினிப் பன்றிகளின் காக்லியாவிலும் இத்துடிப்புகளால் உண்டாகும் அதிர்வு பின்னர் பதிவு செய்யப்பட்டது.

காரணத்தை விளக்கியவர்கள் கென்னத் ஃபாஸ்டர், எட்வர்ட் ஃபிஞ்ச் ஆகியோர். அவர்கள் 1974-இல் நீரில் நுண்ணலைத் துடிப்புகளைச் செலுத்தி, அதில் அழுத்த அலை எழுவதைக் கண்டனர். நீர் 4 டிகிரி செல்சியசில் இருந்தபோது அந்த அலை எழவில்லை. அவ்வெப்பநிலையில் நீர் சிறிது சூடானாலும் விரிவதில்லை என்பது பள்ளிப் பாடத்திலேயே உள்ளது. தலையிலும் இதுவே நிகழ்கிறது. ஒரு துடிப்பால் திசுவின் வெப்பநிலை ஒரு டிகிரியில் இலட்சத்தில் ஒரு பங்குகூட உயர்வதில்லை. ஆயினும் அது நொடிப்பொழுதில் நிகழ்வதால் திசு சட்டென விரிகிறது. அந்த அதிர்வு எலும்பின் வழியே உட்காதை அடைகிறது.

2018 நவம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சூறையாடிய கஜா புயலைக் கண்காணித்த காரைக்கால் ராடாரும் துடிப்புகளாகவே நுண்ணலையை அனுப்புவதுதான். எனினும் அதன் கற்றை வானை நோக்கிச் செல்வதால் ஊர் மக்களுக்கு எதுவும் கேட்பதில்லை. கைப்பேசிக் கோபுரங்களின் அலையோ இவ்விளைவுக்குத் தேவையான வலிமையை விட மிகக் குறைவானது. இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் கோபுரங்களுக்கான வரம்பு, பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது.

காதில் ஓயாத இரைச்சலுக்குக் காதழுக்கு, பேரொலிப் பாதிப்பு, முதுமை, சில மருந்துகள் முதலியன காரணமாகலாம். கோபுரத்தின் மீது பழியைப் போட்டுவிட்டுக் காலம் தாழ்த்தாமல், காது மருத்துவரை அணுகுவதே கேள்திறனைக் காக்கும் வழி.