கல்லே இல்லாத ஊருக்கு கல் வந்த கதை

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் சொல்ற பாபநாசம் தஞ்சாவூர் ஜில்லா பாபநாசம். அருவி, மலை, கமல் படம் எல்லாம் திருநெல்வேலி பாபநாசம். ஆபீஸ்ல ஊர் பேரைச் சொன்னா பத்துல ஒம்பது பேர் "ஓ, அருவி இருக்கே!"ன்னு ஆரம்பிக்கிறாங்க. அருவி விழறதுக்கு எங்க ஊர்ல ஒரு பாறைகூட கிடையாதுங்க. குடமுருட்டி கொண்டு வந்து போட்ட வண்டல், மணல், களிமண், அவ்வளவுதான். சேலம், கோயமுத்தூர் பக்கம் கிணறு வெட்டினா பாதியிலேயே வெடி வைக்க ஆள் தேடணும். எங்க பக்கம் அந்தப் பேச்சே வந்ததில்லை.

திருப்பாலைத்துறை கோயில் வளாகத்துல ஒரு பழைய நெற்களஞ்சியம் இருக்கு. வட்டமா, மேல கூம்பு மாதிரி, 36 அடி உசரம். 3,000 கலம் நெல் கொள்ளும்னு கணக்கு. தஞ்சாவூரை 1600-லிருந்து 1634 வரைக்கும் ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்துக் கட்டடம். முழுக்க செங்கல். களிமண் காலடியிலேயே இருக்கும்போது கல்லுக்கு எங்க போறது? ஆனா பக்கத்துலயே இருக்கிற கோயில் கருங்கல். அந்தக் கல் வெளியூர். எங்க ஊர் அம்மி, ஆட்டுக்கல், படித்துறை, ரயில் தண்டவாளத்து ஜல்லி வரைக்கும் எல்லாமே வெளியூர்தான்.

சரி, அதை எப்படி உடைச்சாங்க?

மாமல்லபுரம் போனவங்க கவனிச்சிருப்பீங்க. சில பாறைகள் மேல வரிசையா, சாண் இடைவெளிகூட இல்லாம சின்னச் சின்ன சதுரக் குழிகள் இருக்கும். பாதி வேலையில விட்டுட்டுப் போன கல்தச்சரோட அடையாளம் அது. உளியால குழி வெட்டி, ஆப்பு இறக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சம்மட்டியால மாத்தி மாத்தி அடிச்சுக்கிட்டே போவாங்க. கொஞ்ச நேரத்துல பாறை கோடு போட்ட மாதிரி விரியும். மர ஆப்பை இறக்கி தண்ணி ஊத்தினா அது ஊதி கல்லைப் பிளக்கும்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருப்பாங்க. ஆனா இன்னிக்கும் கையால கல் பிளக்கிறவங்க கையில இருக்கிறது இரும்பு ஆப்புதான்.

இதுக்குள்ள இருக்கிற இன்ஜினியரிங்கை கொஞ்சம் பாருங்க. கருங்கல்லை அமுக்கினா அசாத்தியமா தாங்கும். இழுத்தா தாங்காது. இழுவிசையைத் தாங்குற பலம் அமுக்கத்தைத் தாங்குறதுல பத்துல ஒரு பங்கு இருந்தாலே பெரிசு. அதனால கல்லை நொறுக்கப் பார்க்கிறவன் முட்டாள், பிரிக்கப் பார்க்கிறவன் கெட்டிக்காரன். ஆப்பு பிரிக்குது. 1010-ல ராஜராஜன் கட்டி முடிச்ச பெரிய கோயில்ல 216 அடி விமானத்துக்குப் போன கல் முழுக்க இப்படிப் பிரிச்சு எடுத்ததுதான். ஒரு சிட்டிகை வெடிமருந்து கிடையாது.

நெருப்பாலயும் பிரிக்கலாம். பெங்களூர் பக்கம் பாறை மேல விறகை எரிச்சு, அந்த நெருப்பை மெல்ல நகர்த்திக்கிட்டே போய் கருங்கல்லை தோசை மாதிரி பாளமா உரிக்கிறதைப் பத்தி 1895-ல 'நேச்சர்' பத்திரிகையில கட்டுரையே வந்திருக்கு.

இப்போ திரும்ப ரகுநாத நாயக்கர்கிட்ட வருவோம். தஞ்சாவூர் பீரங்கி மேட்டுல 26 அடி நீளத்துக்கு ஒரு இரும்பு பீரங்கி கிடக்கே, அதுவும் அவர் காலம்தான். 1620 வாக்குல செஞ்சதுன்னு சொல்றாங்க. அதாவது கரிமருந்து தஞ்சாவூருக்கு நல்லாவே தெரியும். அதே ஆட்சியில, 1627 பிப்ரவரி 8-ந் தேதி, இன்னிக்கு ஸ்லோவாக்கியாவுல இருக்கிற பான்ஸ்கா ஸ்டியாவ்னிட்சாங்கிற சுரங்க ஊர்ல காஸ்பார் வைண்டல்னு ஒருத்தர் பாறையில துளை போட்டு கரிமருந்தை அடைச்சு வெடிச்சார். சுரங்கத்துல வெடி வச்சதுக்கு ஐரோப்பாவுல எழுத்து ஆதாரத்தோட இருக்கிற பழைய சம்பவங்கள்ல முக்கியமானது இதுதான். இங்க கோட்டையை உடைக்க வச்சிருந்த மருந்தை அங்க ஒருத்தர் மலைக்குள்ள வச்சார், அவ்வளவுதான் வித்தியாசம். நம்மாளுக்கு அது ஏன் தோணலைன்னு சிலர் அங்கலாய்ப்பாங்க. என்னைக் கேட்டா, வெள்ளி தேடுறவனுக்கு கல் தூளானா சந்தோஷம். தூணும் நந்தியும் செதுக்கறவனுக்கு கல் தூளானா பிழைப்பே போச்சு. தேவை வேற.

அதுக்கப்புறம் இருநூறு வருஷம் வெடியால பாறையைவிட ஆளுங்கதான் அதிகம் பயந்தாங்க. திரி எப்போ பத்தும், எவ்வளவு வேகமா ஓடும்னு சொல்லவே முடியாது. 1831-ல இங்கிலாந்து கார்ன்வால்ல வில்லியம் பிக்ஃபோர்டுங்கிற தோல் வியாபாரி, கயிறு திரிக்கிறதைப் பார்த்து, நடுவுல மருந்து வச்சு நூலைச் சுத்தின பாதுகாப்புத் திரியைக் கொண்டு வந்தார். இத்தனை அடிக்கு இத்தனை நிமிஷம்னு கணக்கு வந்துச்சு. அடுத்து ஆல்ஃபிரட் நோபல். 1864-ல நைட்ரோகிளிசரின் வெடிச்சு தம்பி எமில் செத்துப் போனார். 1867-ல டைனமைட், 1875-ல ஜெலட்டின். நம்ம குவாரிகள்ல 'ஜெலட்டின் குச்சி'ன்னு சொல்றாங்களே, அந்தப் பேர் அங்கிருந்து வந்தது. இந்தியாவுல நைட்ரோகிளிசரின் வெடிகளுக்கு 2004-லயே தடை வந்தாச்சு, இப்போ எமல்ஷன்தான். பேர் மட்டும் போகலை :-)

கரிமருந்து எரியும், டைனமைட் அதிரும். ரெண்டும் ஒண்ணு இல்லை. கரிமருந்து வேகமா எரிஞ்சு, அந்த வாயு பாறையைத் தள்ளும். டைனமைட்ல வினாடிக்கு பல கிலோமீட்டர் வேகத்துல அதிர்வலை ஓடும். இந்த பலம் கைக்கு வந்ததும்தான் பெரிய பெரிய வேலைக்கு தைரியம் வந்துச்சு. 1887-ல ஆரம்பிச்ச பெரியாறு அணைக்காக 5,700 அடிக்கு மலையைக் குடைஞ்சதைச் சொல்லலாம். எங்களுக்குக் கிட்டத்துல மேட்டூர். 1925-ல வேலை தொடங்கி 1934 ஆகஸ்ட் 21-ல திறந்தாங்க. 5,300 அடி நீளம், தண்ணி மட்டுமே 120 அடி. அவ்வளவு கல்லை ஒம்பது வருஷத்துல உளியையும் ஆப்பையும் மட்டும் நம்பி எடுத்திருக்கவே முடியாது. ஜூன் 12 எப்போ வரும்னு எங்க ஊர் மிராசுதாருங்க காலண்டரைப் பார்க்கிற வழக்கத்துக்குப் பின்னால எங்கயோ ஒரு மலை வெடிச்சிருக்கு.

இன்னொரு வேடிக்கை. இன்னிக்கு குவாரிகள்ல பெரும்பாலான வெடிக்கு அடிப்படை அம்மோனியம் நைட்ரேட். அது உரமும்கூட. 1947-ல டெக்சாஸ் சிட்டி துறைமுகத்துல உரம் ஏத்தின கப்பல் வெடிச்சு ஐந்நூறு பேருக்கு மேல போனப்பதான் 'வெறும் உரம்' என்ன செய்யும்னு உலகத்துக்கு உறைச்சது. 1950-கள்ல சுரங்கக்காரங்க அதோட டீசல் கலந்து மலிவான வெடியா மாத்திட்டாங்க. இந்தியாவுல அதுக்குன்னு தனி விதிகள் வந்தது 2012-லதான். 2020-ல பெய்ரூட் வெடிச்சதும் சென்னை மணலியில அஞ்சு வருஷமா கிடந்த சுமார் 700 டன்னை அவசர அவசரமா அப்புறப்படுத்தினதை டிவியில பார்த்திருப்பீங்க.

மருந்தோட பலம் ஏற ஏற, இன்ஜினியருங்க மண்டையை உடைச்சுக்கிட்டது அதை எப்படி அடக்கறதுன்னுதான். ஐம்பது குழியையும் ஒரே நேரத்துல வெடிச்சா அது பெரிய தரை நடுக்கமா ஊருக்குள்ள போயிடும். அதனால குழிக்குக் குழி 17, 25, 42 மில்லி செகண்டுன்னு தள்ளித் தள்ளி வெடிப்பாங்க. காதுக்கு ஒரே சத்தம். பாறைக்கு, முன் வரிசை நகர்ந்து இடம் விட்ட அப்புறம்தான் பின் வரிசை. எல்லா ஜாபையும் ஒரே நேரத்துல ஓட்டினா சர்வர் என்ன ஆகும்னு நம்ம மக்களுக்குச் சொல்ல வேண்டாம். சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தோட 1997 கணக்குப்படி, மெதுவான அதிர்வுல சாதாரண வீட்டுத் தரை வினாடிக்கு 5 மில்லிமீட்டர் வேகத்துக்கு மேல ஆடக்கூடாது. பழங்காலச் சின்னம்னா 2 தான். நார்த்தாமலை குன்று மேல இருக்கிற விஜயாலய சோழீச்சரம் மாதிரி கோயில்களை நினைச்சா, அந்த 2-ஐ யாராவது அளக்கிறாங்களாங்கிறது எனக்குப் பெரிய கேள்வி.

குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள்ள கல் குவாரி கூடாதுன்னு தமிழ்நாட்டு விதி இருக்கு. குவாரிக்குள்ளயே நிக்கிறவனுக்கு எத்தனை மீட்டர்? துறையூர் பக்கம் வெடிமருந்து ஆலையில 2016 டிசம்பர் 1-ந் தேதி கிட்டத்தட்ட 20 பேர் செத்தாங்க. காரியாபட்டி பக்கம் கல்குவாரி வெடிமருந்துக் கிடங்குல 2024-ல 3 பேர். தேதி மே 1, தொழிலாளர் தினம்.

இப்போ எங்க ஊருக்கு லாரியில வர்றதுல முக்கால்வாசி ஜல்லியும் எம்-சாண்டும். எம்-சாண்டுன்னா வெடி வச்ச கருங்கல்லை கிரஷர்ல அரைச்ச மணல். காவிரி மணல்ல ஏற்கெனவே அள்ள வேண்டியதுக்கு மேல அள்ளியாச்சு. மணல் மேலயே உட்கார்ந்திருக்கிற ஊருக்கு புதுக்கோட்டை, பெரம்பலூர் பக்கத்துக் குன்றைத் தூளாக்கி மணல்னு கொண்டு வர்றாங்க.

ஆனா கும்பாபிஷேகத்துக்குப் புதுசா ஒரு சிலை செய்யணும்னா அந்த லாரிக் கல் ஆகாது. ஸ்தபதி தட்டிப் பார்ப்பார், மணி மாதிரி கணீர்னு ஒலிக்கணும். வெடி பட்ட கல்லுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கும், சத்தம் மங்கிடும். ஏற்றுமதி கிரானைட்காரங்களுக்கும் அதே கவலைதான். அவங்க வைரக் கம்பி ரம்பத்தால அறுக்கிறாங்க, இல்லேன்னா வரிசையா துளை போட்டு நடுவுல இரும்பு ஆப்பு இறக்குறாங்க. துளை போட கம்ப்ரசர் மெஷின் வந்திருக்கு. ஆப்பு அதே ஆப்பு.