கொல்லிமலை: நடைவழிகளும் தொல்லிடங்களும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் அடிவாரச் சந்தைகளையும் மலைமேல் ‘நாடு’ என வழங்கும் ஊர்ப்பிரிவுகளையும் கோயில்களையும் அருவிகளையும் இணைத்துக் கிடக்கும் பழைய ஒற்றையடிப் பாதைகளும், அவற்றின் ஓரமாக எஞ்சி நிற்கும் தொல்லிடங்களும் இக்கட்டுரையின் பொருள். மலைச்சாலை வரும்வரை கொல்லிமலைக்கும் சமவெளிக்கும் இடையே சென்றுவந்த அனைத்தும் இந்தப் பாதைகளில் மனிதக் காலால் நடந்தவையே. அரசர் படை, கோயில் யாத்திரை, சந்தை வணிகம், மருத்துவம் ஆகிய நான்கின் வரலாறும் இவற்றில் படிந்திருக்கிறது. இன்று இவற்றில் சில மலையேற்றத் தடங்களாக வழங்குகின்றன. பல, நடப்பார் இல்லாமல் புதர் மூடி மறைந்துவருகின்றன.

நில அமைப்பு

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. வடக்கு தெற்காகச் சுமார் 28 கி.மீ. நீளமும் கிழக்கு மேற்காகச் சுமார் 19 கி.மீ. அகலமும் கொண்டது. உயரமான பகுதிகள் கடல்மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்திருக்கின்றன. சார்னோக்கைட் என்னும் கடும்பாறையால் ஆனது. பக்கங்கள் செங்குத்தாக எழுகின்றன. ஏறி முடித்தால் மேலே மேடும் பள்ளமுமாக விரிந்த நாட்டுப்புறம். பள்ளங்களில் நெல்வயல், சரிவுகளில் மிளகுக்கொடி ஏறிய மரங்கள், மேடுகளில் ஊர்கள். இந்த அமைப்புதான் நடைவழிகளின் போக்கைத் தீர்மானித்தது. ஏறுவதற்கு இயலும் இடங்கள் சிலவே. ஓடை அறுத்த பள்ளத்தையோ மலைமுதுகின் நீண்ட சரிவையோ பற்றிக்கொண்டுதான் பாதை மேலேற முடியும். மேற்கே சேந்தமங்கலம், பேளுக்குறிச்சிப் பக்கமும், வடக்கே முள்ளுக்குறிச்சிப் பக்கமும், கிழக்கே துறையூரை அடுத்த புளியஞ்சோலைப் பக்கமும் இத்தகைய ஏறுவழிகள் அமைந்தன.

பாட்டில் வாழும் மலை

கொல்லிமலையின் எழுத்து வரலாறு சங்கப் பாடல்களில் தொடங்குகிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி இம்மலைக்கு உரியவன். வன்பரணர் புறநானூற்றின் 152, 153ஆம் பாடல்களிலும், கழைதின் யானையார் 204ஆம் பாடலிலும் அவனைப் பாடினர். யானையை வீழ்த்திய ஒரே அம்பு புலி, மான், பன்றி, உடும்பு என அடுத்தடுத்து ஊடுருவிச் சென்ற வேட்டைக் காட்சியை 152ஆம் பாடல் விவரிக்கிறது. முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி ஓரியைப் போரில் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த செய்தியை அகநானூற்றின் 209ஆம் பாடல் பதிவு செய்கிறது. அதன்பின் கொல்லி சேரரின் பெருமைக்குரிய மலையாயிற்று. பல நூற்றாண்டுகள் கழித்துக் குலசேகர ஆழ்வாரும் தம்மைக் கொல்லிக்குக் காவலன் என்றே சொல்லிக்கொண்டார்.

கண்டாரை மயக்கும் கொல்லிப்பாவையை நற்றிணையும் குறுந்தொகையும் குறிப்பிடுகின்றன. மலைமேலுள்ள எட்டுக்கை அம்மனை அந்தப் பாவையாகவே கருதி மக்கள் வழிபடுகின்றனர். ஓரியின் காலத்துக் கட்டடம் என்று உறுதியாகச் சுட்டத்தக்கது எதுவும் மலையில் இல்லை. ஆயினும் மலைமேலுள்ள செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு. ஆடிப்பெருக்கையொட்டி ஆண்டுதோறும் அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. வில்வித்தைப் போட்டியும் வைக்கிறார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஒரு பெயர் இன்றும் ஒரு மலையின் நாட்காட்டியில் நாள் பிடித்திருப்பது அரிது.

அறப்பள்ளியும் யாத்திரைத் தடங்களும்

மலையின் பழஞ்சின்னங்களுள் முதன்மையானது வளப்பூர்நாட்டு அறப்பளீஸ்வரர் கோயில். அப்பர் தம் தேவாரத்தில் பெயர் சுட்டிய வைப்புத்தலம் இது; எனவே 7ஆம் நூற்றாண்டிலேயே சமவெளிச் சைவர்கள் அறிந்த இடமாக இருந்திருக்கிறது. கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. 18ஆம் நூற்றாண்டில் அம்பலவாணக் கவிராயர் இத்தல இறைவனை முன்னிலைப்படுத்தி அறப்பளீசுர சதகம் பாடினார். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த நூல்களுள் அதுவும் ஒன்று. மலையேறிப் பார்க்காத ஊர்களுக்கும் அறப்பள்ளியின் பெயரைக் கொண்டுசேர்த்தது அந்தச் சதகமே.

கோயிலை ஒட்டி ஐயாறு ஓடுகிறது. வெட்டிச் சமைத்த மீனை இறைவன் மீண்டும் உயிர்ப்பித்து நீந்தவிட்டார் என்பது தலக்கதை. அதனால் இங்குள்ள மீன்களை யாரும் பிடிப்பதில்லை. அடியார்கள் பொரி தூவ, மீன்கள் கூட்டமாகக் கரையோரம் வந்து மொய்க்கின்றன. கோயிலுக்கு அப்பால் ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஆகாய கங்கை அருவியாக விழுகிறது. அருவியடிக்குப் போக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது எளிதாகத் தோன்றும். பாதி வழியில் கெண்டைக்கால் நடுங்கத் தொடங்கும். சாரல் பட்டு வழுக்கும் படிகளில் கைப்பிடிக் கம்பியை விட முடியாது. திரும்பி ஏறி வருவோருக்கு வழியோரக் கடைகளில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் சுடச்சுடக் கிடைக்கும். பாறைமேலும் மரத்தின்மேலும் படரும் ஒரு பெரணியின் மயிரடர்ந்த கிழங்கு அது. முட்டிவலிக்கு நல்லது என்று மலைமக்கள் நம்புகிறார்கள்.

அருவிக்கு அப்பாலுள்ள காட்டில் கோரக்கர், காலாங்கி முதலிய சித்தர்களின் பெயரில் குகைகள் இருக்கின்றன. அருவி நீர் அடிவாரத்தில் புளியஞ்சோலையாக விரிகிறது. புளியஞ்சோலையிலிருந்து ஆற்றோரம் பற்றி அறப்பள்ளிக்கு ஏறும் தடம், துறையூர்ச் சீமை மக்களின் பழைய யாத்திரை வழி. மாசி பெரியசாமி கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்களும் இப்பக்கமாக ஏறுவது வழக்கம். கொல்லியின் தொல்லிடங்கள் அழியாமல் நின்றதற்கு இந்த நடையே முதற்காரணம். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்த தடத்தில் புதர் முளைக்காது. விளக்கு எரியும் கோயிலில் கல் பெயராது.

நாடுகளும் சந்தை வழிகளும்

மலையின் பழங்குடிகளான மலையாளிகள் தமிழ் பேசுவோர். சேர்வராயன், பச்சைமலை, கல்வராயன் மலைகளிலும் இவர்கள் வாழ்கிறார்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறினர் என்றும் இவர்களின் வாய்மொழி வரலாறு சொல்கிறது. கொல்லிமலை பல நாடுகளாகப் பகுக்கப்பட்டது. வளப்பூர்நாடு, வாழவந்திநாடு, அரியூர்நாடு, குண்டூர்நாடு, சேலூர்நாடு, தேவனூர்நாடு, திண்ணனூர்நாடு, சித்தூர்நாடு போன்ற பெயர்கள் இன்று ஊராட்சிப் பெயர்களாகவும் வழங்குகின்றன.

நாட்டுக்கு நாடு வழி உண்டு. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அதற்கு அண்மையிலுள்ள சமவெளிச் சந்தைக்கும் வழி உண்டு. பலாவும் மலைவாழையும் தேனும் கடுக்காயும் தலைச்சுமையாக இறங்கின. உப்பும் துணியும் இரும்பும் ஏறின. அடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தை மிளகுக்கும் மளிகைச் சரக்குக்கும் இன்றும் பெயர்பெற்றது; வீட்டுக்கு ஓராண்டுக்கு வேண்டிய மல்லி, சீரகம், மிளகு வாங்கச் சுற்றுவட்டாரத்தார் அங்கு வருகிறார்கள். சுமை இறக்கிவைக்க வாகான பாறை, சுனை, நிழல்மரம் ஆகியவை ஏறுவழியின் இளைப்பாறும் இடங்களாயின. வழியிலுள்ள கோயில்காடுகளில் மரம் வெட்டுவதில்லை என்ற கட்டுப்பாடு பாதைக்கு நிழலையும் ஓடைக்கு நீரையும் காத்தது.

ஆங்கிலேயர் காலம்

1792இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலம் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. சேர்வராயன் மலையில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காப்பி நடப்பட்டு, ஏற்காடு பங்களாக்களின் ஊராக வளர்ந்தது. நீலகிரிக்கு 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் மலைரயிலே ஏறிவிட்டது. கொல்லிமலைக்கு இரண்டும் வரவில்லை. மலேரியா அதற்குப் பெரிய காரணம். ஓரிரவு தங்கினாலே காய்ச்சல் பிடிக்கும் என்று சமவெளியார் அஞ்சிய மலை இது. இரும்புப்பாதையோ பங்களாத் தெருவோ அமையாததால் ஒற்றையடிப் பாதைகள் இருபதாம் நூற்றாண்டிலும் மலையின் முழுச் சுமையையும் தாங்கின.

அந்தக் காய்ச்சலை எதிர்கொண்டு மலைமேல் குடியேறிய இங்கிலாந்துத் தம்பதியர் ஜெஸ்ஸி பிராண்டும் எவலின் பிராண்டும். 1913இல் மணமானதும் வாழவந்தியில் வீடு அமைத்தனர். வீட்டுக்கான மரச் சட்டங்கள் ஆட்களின் தோளில் மலையேறின. கறையான் ஏறாதபடி வீடு கால்கள்மேல் நிறுத்தப்பட்டது. அவர்கள் மருந்து கொடுத்தனர், பள்ளி நடத்தினர், தச்சு கற்பித்தனர், ஊர் ஊராக நடந்தும் குதிரையிலும் சென்றனர். அவர்களின் மகன் பால் பிராண்ட் 1914இல் பிறந்து ஒன்பது வயதுவரை இம்மலையில் வளர்ந்தார். பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் மீட்டு உலகப் புகழ் பெற்றார். தந்தை ஜெஸ்ஸி 1929இல் மலேரியாவின் கடும் வடிவமான கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். எவலின் ஓய்வுபெறும் வயதுக்குப் பின்னும் மலைகளை விடவில்லை. முதுமையிலும் கொல்லி, கல்வராயன், பச்சைமலைகளில் மருந்துப்பையோடு சுற்றினார். 1974இல் 95 வயதில் இறந்த அவர் கணவருக்கு அருகில் வாழவந்தியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அந்தக் கல்லறைகள் மலையின் மருத்துவ வரலாற்றுக்குச் சான்றாக நிற்கின்றன.

சாலையும் பயிர் மாற்றமும்

விடுதலைக்குப் பின் மலேரியா ஒழிப்புப் பணி மலையின் அச்சத்தைப் போக்கியது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைமேலுள்ள சோளக்காட்டுக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் எண் பலகை நிற்கிறது. முள்ளுக்குறிச்சி வழியாக மற்றொரு சாலையும் வந்தது. தூளி கட்டி நோயாளியைச் சுமந்த காலம் முடிந்தது. பேருந்து வந்தது, பள்ளி பெருகியது. மலைமக்களின் வாழ்வுக்குச் சாலை செய்த நன்மை மிகப் பெரிது.

சாலை பயிரையும் மாற்றியது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மேட்டு நிலங்களில் சேலம் ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி பரவியது. காப்பியும் மிளகும் சில்வர் ஓக் மரங்களும் கூடின. 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர் விதைவங்கிகளும் குற்றும் எந்திரங்களும் அமைத்துச் சிறுதானியத்தை மீட்க மலைமக்களோடு பணியாற்றியது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக பாக்சைட் வெட்டிய இடங்களும் மலைமேல் உண்டு. விதைவங்கியும் சுரங்கப்பள்ளமும் இன்று கொல்லியில் நடப்பவர் அறியவேண்டிய அண்மைக்காலச் சின்னங்களே.

பிரித்தானிய நாட்டுப்புற நடை: ஓர் ஒப்பீடு

மறைந்துவரும் கொல்லிப் பாதைகளைக் காக்கும் வழியை யோசிக்கப் பிறநாட்டு அனுபவம் ஒன்று உதவும். இடிபாடுகளையும் பழம்பாதைகளையும் தேடி நடப்பதைப் பொதுமக்களின் உரிமையாக வளர்த்த நாடு பிரித்தானியா. 1782இல் வில்லியம் கில்பின் வெளியிட்ட வை ஆற்றுப் பயணநூல் டின்டர்ன் மடத்தின் இடிபாடுகளைக் காணப் பலரை இழுத்தது. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பகுதித் தொழிலாளர்கள் தடையை மீறிக் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் ஏறினர்; அவர்களில் சிலர் சிறை சென்றனர். 1949இல் தேசியப் பூங்காக்கள், நாட்டுப்புற அணுக்கச் சட்டம் வந்தது. பொதுநடைவழி ஒவ்வொன்றையும் வரைபடத்தில் பதிவு செய்யும் கடமை உள்ளாட்சிகளுக்கு ஏற்பட்டது. 1965இல் சுமார் 430 கி.மீ. நீளமுள்ள பென்னைன் வழி திறக்கப்பட்டது. ரயில்பாதைகளைக் குறைக்கப் பரிந்துரைத்து 1963இல் வெளியான பீச்சிங் அறிக்கைக்குப் பின் மூடப்பட்ட ரயில்பாதைகள் பல நடைவழிகளாக மாறின. பீக் மாவட்டத்தில் 1968இல் மூடப்பட்ட இருப்புப்பாதையில் அமைந்த மான்சல் தடம் அவற்றுள் ஒன்று. அதன் பழைய சுரங்கங்கள் 2011இல் நடப்போருக்குத் திறக்கப்பட்டன.

பாதையைப் பதிவு செய்தால்தான் பாதை நிலைக்கும் என்பது இவ்வரலாற்றின் பாடம். பதிவில் உள்ள வழியை வேலி கட்டி அடைக்க முடியாது. பயனற்றுப்போன வழிக்கும் மறுவாழ்வு கிடைக்கும்.

இன்றைய நடையும் பாதுகாப்பும்

கொல்லியில் இன்று பயணிகள் பெரும்பாலும் செம்மேடு, சீக்குப்பாறைக் காட்சிமுனை, மாசிலா அருவி, வாசலூர்பட்டிப் படகு இல்லம், ஆகாய கங்கை என்று வாகனத்தில் சுற்றித் திரும்புகிறார்கள். காட்டுத்தடங்களில் செல்ல வனத்துறை அனுமதி தேவை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 23 பேர் உயிரிழந்த பிறகு தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் வனத்துறை 40 தடங்களுடன் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. உள்ளூர் மக்களே வழிகாட்டிகளாகச் செல்வது அதன் சிறப்பு.

அறப்பளீஸ்வரர் கோயில் கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டிருக்கின்றன. அக்கோயிலுக்கு ஏறிய பாதைகளுக்கு அத்தகைய பதிவு இல்லை. தலைச்சுமையோடு சந்தைக்கு இறங்கிய தலைமுறையின் கடைசி மனிதர்கள் இன்னும் நாடுதோறும் இருக்கிறார்கள். எந்தச் சுனை கோடையிலும் வற்றாது, எந்தப் பாறையில் சுமை இறக்குவார்கள், மழைக்காலத்தில் எந்த ஓடையைத் தவிர்ப்பார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஊராட்சிகள் அவர்களோடு நடந்து, நாடு வாரியாக வழிகளை வரைபடமாக்கி, கிராம சபையில் வைத்துப் பதிய வேண்டும். மரபான சமூக உரிமைகளை ஏற்கும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதற்குத் துணைநிற்கும். வழிகாட்டும் வேலையும் அதன் வருவாயும் மலையாளி இளைஞர்களுக்கே சேர வேண்டும். கோயில்காடுகளுக்குள் யார், எதுவரை போகலாம் என்பதை அந்தந்த ஊரே சொல்ல வேண்டும். கொல்லிமலையின் வரலாற்றை இதுகாறும் காத்தவர்கள் அதில் நடந்தவர்கள். அவர்கள் வழிகளைக் காப்பதே மலையின் தொல்லிடங்களைக் காப்பதற்கு முதல் வேலை.