கதவில் தொங்கிய அட்டை

என் பேத்தி நர்சிங் தேர்வுக்குப் படிக்கிறாள். "தாத்தா, இந்த ஐசொலேஷன் பாடம் மனசுல நிக்கவே மாட்டேங்குது" என்றாள். வரலாற்று வாத்தியாருக்குத் தெரிந்த மருந்து கதைதானே!

1970-இல் அமெரிக்காவின் சிடிசி, தனிமைப்படுத்தலை ஏழு வகையாகப் பிரித்தது. வகைக்கொரு வண்ண அட்டை, நோயாளியின் அறைக்கதவில் தொங்கும். சரி, அட்டை இல்லாத நோயாளியிடம் தொற்று இருந்தால்?

எய்ட்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்டது. ஆளைப் பார்த்து அறிய முடியாத தொற்று அது. ஊசி குத்திய செவிலியருக்கே தொற்றியதும் பதிவானது. 1985-இல் விதி மாறியது: யாருடைய இரத்தமானாலும் தொற்று உள்ளதாகவே கருது. அடுத்த ஆண்டே சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தது.

1996-இல் இன்றைய வடிவம் வந்தது. எல்லா நோயாளிக்கும் பொதுவான முன்னெச்சரிக்கை. அதற்குமேல் பரவும் வழிக்கேற்ப மூன்று. தொடுதலால் பரவும் சொறிசிரங்குக்குக் கையுறை, மேலங்கி. நீர்த்துளியால் பரவும் ஃப்ளூவுக்குச் சர்ஜிகல் மாஸ்க். காற்றில் மிதக்கும் காசநோய், தட்டம்மை, சின்னம்மைக்கு என்95, கதவு மூடிய தனியறை.

சொல்லும்போதே எனக்கு உறுத்தியது. காசநோய் குணமாகி, டாக்டர் சீட்டோடு வந்த மாணவனைக் கடைசி பெஞ்சில் தனியே உட்காரவைத்தவன் நான். அவன் கழுத்தில் நான் மாட்டியதும் ஓர் அட்டைதான்.

பேத்தியிடம் சொன்னேன்: "வழியை அடைக்கணும்மா, ஆளை ஒதுக்கக் கூடாது." தேர்வு எழுதும் பிள்ளைகளே, உங்களுக்கும் இதுதான்.